தட்டினால் விட்டுவிட வேண்டும்

ராயபுரம், திருப்பூர்
20-1-2008

இல்லக்கா, குங்ஃபூ இல்லை. கராத்தேயும் இல்லை. இதில் உதைக்கக் கூடாது, குத்தக் கூடாது. ஆளைப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே ஏறி, கழுத்தையோ கையையோ மடக்கி, அவனாகவே போதும் என்று சொல்ல வைக்க வேண்டும். பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு. பெயரை மூன்று தடவை சொல்லிப் பழகிக்கொள். இனி உன் தம்பி இதைத்தான் பேசப் போகிறான்.

கிறிஸ்மஸ் கார்டில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது முறைப்படி. நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் எப்படி? முழங்கால் வலி குறைந்ததா? இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் மதருக்கும் என் வணக்கம். மதர், இதில் கெட்ட வார்த்தை இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். எங்கள் வேலுமணி அண்ணன் கம்பெனிக்குப் பிரேசிலிலிருந்து ஓர் ஆர்டர். ஜியு-ஜிட்சு ஆடுகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போடுகிற பனியன். சாம்பிளைப் பார்த்து ஓகே பண்ண அங்கிருந்து ஒருவன் வந்து தங்கியிருக்கிறான். தியாகோ. இருபத்தாறு வயது. அவனே இந்த ஆட்டம் ஆடுகிறவன். அம்மா அவனைச் 'சந்தியாகு' என்கிறாள். நம் ஊர் வேம்பாற்றில் சந்தியாகு மாமாவுக்கு இருக்கிற அதே மூக்காம்.

தையல் தாங்குமா என்று கையால் இழுத்துப் பார்த்தால் போதாது, போட்டுக்கொண்டு ஆறு நாள் கட்டிப் புரண்டு பார்க்க வேண்டும் என்று தியாகோ சொல்லிவிட்டான். அண்ணன் கட்டிங் செக்ஷனில் வந்து ஆள் கேட்டார். "ஏனப்பா, ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம். யாருக்கு ஒடம்பு சும்மா இருக்க மாட்டேங்குது?" என்றார். மொத்த டேபிளும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டதிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தானே.

குடோனில் பனியன் வேஸ்ட்டைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி மேடை போட்டுவிட்டோம். சாம்பிள் தைத்து வந்ததும் ஆரம்பம்.

மே 31-ஐ அம்மா காலண்டரில் சிவப்பாகச் சுற்றி வைத்திருக்கிறாள். "எம்மவ மே மாசம் வார்த்தைப்பாடு குடுத்து சிஸ்டராவப் போறா" என்று செக்கிங் டேபிளில் அவள் சொல்லாத ஆள் இல்லை. எனக்கும் பெருமைதான். இந்தக் குடும்பத்தில் ஆரம்பித்ததை முடிக்கிற ஆள் நீ ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி
அந்தோணிராஜ்


நவகன்னியர் இல்லம்
27-1-2008

அன்புத் தம்பி அந்தோணிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் தங்குவதாக. நான் நலம். முழங்கால் வலி இப்போது இல்லை. தோட்டத்தில் வெண்டை நன்றாகக் காய்க்கிறது. எனக்கு இந்த மாதம் சமையலறைப் பொறுப்பு.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு பயிற்சியில் இருக்கும் மற்ற நவகன்னியருக்கும் வாசித்துக் காட்டினேன். மதரே சிரித்துவிட்டார். நீ ஒரு காரியத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. அடி படாமல் ஆடு.

பிப்ரவரி ஆறாம் தேதி விபூதி புதன். தவக்காலம் முடியும்வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்த கடிதத்தைப் பிரிப்பதும் இல்லை. நீ எழுதுவதை நிறுத்தாதே. ஈஸ்டர் அன்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பேன்.

ஒரு சின்னச் சந்தேகம். போதும் என்று எப்படிச் சொல்வார்கள்? வாயாலா?

அம்மாவை இரவில் கண் விழித்து ஓவர்டைம் பார்க்க வேண்டாம் என்று சொல்.

ஜெபத்துடன் அக்கா,
ஆஷா


ராயபுரம்
17-2-2008

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய். அதற்குள் ஆறிப் போய்விடும், இருந்தாலும் சூட்டோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

ஆறு நாள் முடிந்தது.

போதும் என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. கையால் தட்ட வேண்டும். அவன் உடம்பிலோ தரையிலோ, எது எட்டுகிறதோ அதில். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் மற்றதெல்லாம் அப்புறம், முதல் சட்டம் இது.

திங்கட்கிழமை சண்டையே இல்லை. இறால் மாதிரி நகரச் சொல்லிக் கொடுத்தான். மல்லாந்து படுத்து, இடுப்பை மடக்கிப் பின்னால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். கடலோரத்து வேம்பாற்றுக்காரனுக்கு இறாலைச் சொல்லித் தர வேண்டுமா? எனக்கு உடனே வந்துவிட்டது. வேலுமணி அண்ணன் மகன் அருள்செல்வன் அதே இடத்தில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தான். அன்றே பெருமாள்சாமியோடு ஜோடி போட்டுவிட்டார்கள். லோடுமேன், சங்கரன்கோவில் பக்கம், தொண்ணூறு கிலோ. என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, மூச்சு விடுதியா?" என்று கேட்டான். விட முடிந்தால்தானே பதில் சொல்வதற்கு.

செவ்வாய், தியாகோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான். நான் தட்டவில்லை. நான் ஏன் தட்ட வேண்டும்? கண்ணை மூடித் திறந்தால் குடோன் கூரை தெரிகிறது, நாலு முகம் குனிந்து பார்க்கிறது, பெருமாள்சாமி என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏழெட்டு நொடி நான் இந்த உலகத்தில் இல்லையாம். தியாகோவுக்குக் கோபம். அவன் பாஷையில் என்னென்னவோ கத்தினான். அப்புறம் இங்கிலீஷில் சொன்னதை அருள்செல்வன் தமிழில் சொன்னான்: "நீ தட்டுலீனா அது தைரியம் இல்லீங்கறான். உன்னைய விடறதுக்கு அவனுக்கு வழியே குடுக்கலியாமா. இனிமேல் தட்டாதவன்கூட ஆட மாட்டானாம்." எனக்கு மானம் போய்விட்டது. அதன் பிறகும் முழுசாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

புதன், என் பனியன் அக்குளில் கிழிந்தது. வேலுமணி அண்ணன் ஓடி வந்தார். "கழுத்து எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டார். கண் மட்டும் அக்குளில். நான் போட்டிருக்கும்போதே அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினார், டேமேஜ் பீசுக்கு ஒட்டுவது போல. பெருமாள்சாமி சொன்னான்: "அண்ணே, மொத்த ஆளையும் ஆல்ட்டரேஷனுக்கு அனுப்பிருங்க."

வியாழன் எனக்கு ஆட்டம் இல்லை, காவல். பெருமாள்சாமியும் அருளும் ஆட, யாருக்காவது ஆபத்து என்றால் நான் பிரித்துவிட வேண்டும். அருள் மேலே இருந்தான், ஆனால் 'ஐயோ கை, ஐயோ கால்' என்று ஒரே சத்தம். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தியாகோ பாய்ந்து இருவரையும் பிரித்தான். பார்த்தால் கீழே பெருமாள்சாமிக்கு முகம் கறுத்துக் கிடக்கிறது. அவன் தாடைக்கு அடியில் அருளின் கை இருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. தியாகோ என்னை உட்கார வைத்துச் சொன்னான். கத்துகிறவனுக்கு ஒன்றும் ஆகாது, அவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் நின்றுபோனவனைப் பார். கழுத்தில் பிடி விழுந்தவனுக்கு வாய் வராது, சில நேரம் தட்டுவதற்குக் கையும் வராது.

வெள்ளி, அம்மா வாசலில் மறித்தாள். "சிலுவைப்பாதைக்கு வராம கட்டிப் பொரளப் போறியால?" என்றாள். மதர், மன்னித்துவிடுங்கள், போய்விட்டேன். அன்றைக்குத்தான் பெருமாள்சாமிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். ஒரே ஒரு தடவை. இடுப்பைத் தள்ளி, முழங்காலை உள்ளே விட்டு, வழுக்கி வெளியே. அவன் என்னைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான், நான் பின்னால் நின்று சிரித்தேன்.

சனி, அருள்செல்வன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். முதலாளி மகன். அப்பா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விடவில்லை. அவன் என் தோளில் மூன்று தட்டு தட்டினான். அப்புறம் விட்டேன். அருள் எழுந்து பனியனைச் சரி செய்தான், கையை நீட்டினான். "இன்னொரு ரவுண்டு வர்றயா?" என்றான். அண்ணன், "தையல் நிக்குதப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாகத் தியாகோவோடு ஒரு சுற்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு நாளும் போனேன் அக்கா. அடி வாங்கின மறுநாளும் போனேன். நான்.

உன் தம்பி
அந்தோணி


ராயபுரம்
9-3-2008

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா? பதில் வராது என்று தெரிந்தும் தினம் தபால்காரரைப் பார்க்கிறேன்.

சாம்பிள் ஓகே ஆகிவிட்டது. அக்குளில் தையலை மாற்றிப் போட்டார்கள், நின்றுவிட்டது. தியாகோ போன வாரம் ஊருக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேரும் விடவில்லை, வாரம் மூன்று நாள் ஆடுகிறோம். அவர்கள் இருவரும் ஆடுகிறார்கள், நான் பார்க்கிறேன், கொஞ்ச நாளைக்கு.

இப்போது அம்மா செய்த வேலையைக் கேள். உன் வார்த்தைப்பாட்டுக்கு வேம்பாற்றிலிருந்து வேன் வைத்து ஆள் வருகிறது இல்லையா, எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் என்று முடிவு செய்துவிட்டாள். அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவர் மீந்த லாட்டிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் அறுபது கொடுத்தார். பிரின்டிங்கும் அவர் செலவு. "ஊட்டு விசேஷம் மாதிரிதானுங்க அம்மா, எனக்கும் ஒண்ணு எடுத்து வையுங்க" என்றார். கழுத்தில் முருகன் டாலர் போட்டிருக்கிறவர்.

நெஞ்சில் நீலச் சிலுவை. அதன் கீழே 'சிஸ்டர் ஆஷா'. அதற்குக் கீழே 'முதல் வார்த்தைப்பாடு 31-5-2008'. எல்லாம் மடித்து, கவர் போட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வருகிற ஆளுக்கெல்லாம் ஒன்றை உருவிக் காட்டுகிறாள். தியாகோவுக்கு ஒன்று கொடுத்தாள், அவன் அதைப் போட்டுக்கொண்டேதான் ஏர்போர்ட் போனான். உன் பெயர் பிரேசில் வரைக்கும் போய்விட்டது.

அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது இல்லை. அப்பா இறந்து நம்மைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது அவளை ஏளனம் பேசின அத்தனை பேருக்கும் சைஸ் கேட்டு எழுதியிருக்கிறாள்.

உன் தம்பி
அந்தோணி


நவகன்னியர் இல்லம்
24-3-2008

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி நம் வீட்டில் நிறைவதாக. நான் நலம்.

நேற்று இரண்டு கடிதங்களையும் படித்தேன். அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? என் பெயரை அவ்வளவு பெரிதாக அச்சடிக்க வேண்டியதில்லை என்று சொல். வேண்டாம், ஒன்றும் சொல்லாதே.

இரண்டு கடிதமும் இடக்கையால் எழுதியவை. பேனாவின் குற்றம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன் வலது கை முறிந்தபோது மூன்று மாதம் இதே எழுத்துதான், உன் வீட்டுப்பாடத்தை நான்தானே படித்துச் சொல்வேன். சனிக்கிழமை கடைசிச் சுற்றில் என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

உன் ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள். பொறுமையாகப் பதில் எழுது. தட்டியவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்களா? பார்க்க வந்த ஆட்கள் நிறைய இருந்தால்? அதுவும் இவன் ஜெயிப்பான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டு வந்தவர்கள் என்றால்? தட்டியவனை மறுநாள் சேர்த்துக்கொள்வார்களா? நேரம் முடியப் போகிறது, இன்னும் கொஞ்சம்தான் என்னும்போது தட்டினால் அது அசிங்கமா?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜெபத்துடன்,
ஆஷா


ராயபுரம்
1-4-2008

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஆமாம், வலது தோள் இறங்கிவிட்டது. இப்போது சரியாகி, இந்தக் கடிதம் வலக்கை.

சனிக்கிழமை தியாகோ என் கையை மடக்கினான். அருளைத் தட்ட வைத்த திமிர் எனக்குத் தலைக்கு மேல் நின்றது. எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் மெதுவாகத்தான் மடக்கினான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தட்டு தட்டு என்று கண்ணாலேயே கேட்டான். நான் தட்டாமல் உருவப் பார்த்தேன். நானேதான் திருகிக்கொண்டேன். சத்தம் எனக்கே கேட்டது. அவன் அழுதுவிட்டான் அக்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் என் கூடவே வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னேன், நம்பிவிட்டாள். உனக்கு எழுதியிருக்கலாம். பெருமையாக ஆறு நாள் கதையை எழுதிவிட்டு, கடைசியில் முட்டாள்தனமாக முடிந்தது என்று எழுத மனசு வரவில்லை.

தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், ஒன்றும் ஆகியிருக்காது. ஆறு வாரம் மூலையில் உட்கார்ந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விகள். யாரும் சிரிக்க மாட்டார்கள். தியாகோ பதினாறு வருடமாக ஆடுகிறான், கிளம்புவதற்கு முந்தின நாள் பெருமாள்சாமிக்குத் தட்டினான். தொண்ணூறு கிலோவை வயிற்றில் வாங்கிக்கொண்டு இரண்டு தட்டு. எழுந்து, கை கொடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆடினான். பார்க்க எத்தனை பேர் வந்தாலும் உள்ளே படுத்துக் கிடக்கிறவனுக்குத்தான் கழுத்து. நேரம் முடியப் போகிறது என்று தாக்குப் பிடிப்பவன்தான் முதலில் ஒடிவான், என் தோளைக் கேள்.

நீயும் ஆட வரப் போகிறாயா என்ன? மடத்தில் சொல்லித் தருகிறேன். முதலில் மதரோடு ஜோடி.

உன் தம்பி
அந்தோணி


நவகன்னியர் இல்லம்
13-4-2008

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? இங்கே எல்லாரும் நலம். ஜெபம், வேலை எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. வார்த்தைப்பாட்டுக்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. அம்மாவின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள். நான் நலமாக இருக்கிறேன்.

ஆஷா


ராயபுரம்
20-4-2008

அக்கா,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீ ஒரே கடிதத்தில் இரண்டு முறை நலம் என்று எழுதிவிட்டாய்.

வெண்டைக்காயைக் காணோம். முழங்காலைக் காணோம். மதர் சிரித்தாரா என்று இல்லை. என் தோளைத் திட்டவில்லை. நீ திட்டாமல் விடுகிற ஆளா? கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்காளாம்ல" என்று சொல்லி, எண்ணெய் தேய்க்கப் போய்விட்டாள். எனக்கு வியாழக்கிழமை குடோன் ஞாபகம் வந்தது. நான் கத்துகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்தவனைப் பார்க்கவில்லை.

மார்ச்சில் நீ கேட்ட கேள்விகளை மறுபடி எடுத்துப் படித்தேன். அது என் ஆட்டத்தைப் பற்றி இல்லை. நான் ஒரு மடையன், மடத்தில் சொல்லித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். மதர் படிக்கட்டும், எனக்குப் பயம் இல்லை. உனக்கு அங்கிருந்து வந்துவிட வேண்டும் என்று இருக்கிறதா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று ஒரு வரி எழுது. இல்லை என்றால் உன் தம்பிக்குக் கிறுக்கு என்று எழுது. பனியனை நினைக்காதே. வேனை நினைக்காதே. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், தொண்ணூறு கிலோவையே தள்ளியவன் நான்.

அந்தோணி


நவகன்னியர் இல்லம்
11-5-2008

அன்புள்ள அந்தோணிக்கு,

ஆமாம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. தினமும் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தேன். உனக்கு எழுதும் முன்னால் மதரிடம் போய் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன். முந்தாநாள் சொன்னேன்.

இங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை அம்மாவிடம் அழுத்திச் சொல். எல்லாரும் அன்பானவர்கள். கோயிலில் மற்றவர்கள் பாடும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்களுக்கு அது வீடு. எனக்கு நல்ல இடம், அவ்வளவுதான். ஒரு வருடமாக இது எனக்குத் தெரியும். வெளியே வந்து என்ன செய்வேன் என்று கேட்காதே, தெரியாது.

ஜனவரியில் நீ எழுதினாய், இந்தக் குடும்பத்தில் ஆரம்பித்ததை முடிக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. குற்றம் சொல்லவில்லை. நீ பெருமையாகத்தான் எழுதினாய். அதனால்தான் அதைத் தள்ள முடியவில்லை.

அம்மாவிடம் நீ வாயால் சொல். கடிதமாக அவள் கையில் போக வேண்டாம்.

உன் அக்கா
ஆஷா

தம்பி அந்தோணிராஜுக்கு,
உன் வணக்கங்கள் எல்லாம் தவறாமல் வந்து சேர்ந்தன. உன் கடிதங்களை நான் படித்ததில் ஒரு நன்மை, ஆஷா என் அறைக் கதவருகே மூன்று முறை வந்து திரும்பிப் போனபோது எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளாகச் சொல்லும்வரை காத்திருந்தேன். விருப்பம் இல்லாத வார்த்தைப்பாட்டை ஆண்டவரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. இங்கிருந்து போகும் பெண்ணை நாங்கள் எல்லாரும் கேட் வரை வந்து வழியனுப்புவது வழக்கம். வீட்டார் பார்க்க வரும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், எந்த நாளும் வரலாம்.
மதர்


பழைய பஸ் ஸ்டாண்டு, திருப்பூர்
19-5-2008, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இது தபாலில் வராது, என் கையிலேயே வருகிறது. நேரில் எனக்கு இதெல்லாம் பேச வராது. உன் மடத்துக்குத் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழி பஸ் இன்னும் இருபது நிமிடத்தில். அதற்குள் அம்மா விஷயத்தை எழுதிவிடுகிறேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் படி.

போன புதன்கிழமை ஜெபமாலை முடிந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முதலில் ஓர் அறை விழுந்தது, எனக்கு. "நீ படிப்ப விட்ட. இப்ப அவளையும் விடச் சொல்லிக் கடுதாசி எழுதுனியால?" என்றாள். மதர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றாள். மூன்றாவது தடவை அவளே வாங்கி, எழுத்துக் கூட்டி, கேட் வரை வந்து வழியனுப்புவோம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வேம்பாற்றுக்குப் போன் போட்டு வேன் வேண்டாம் என்று அவளே சொன்னாள். என்ன காரணம் என்று பெரியம்மா துருவியிருக்கிறாள் போல. "எம்மவ வேற முடிவு எடுத்திருக்கா. அவ முடிவு அவளுக்கு" என்று வைத்துவிட்டாள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன்.

நேற்று கம்பெனியிலிருந்து கறை எடுக்கிற மருந்தையும் அதைப் பீய்ச்சி அடிக்கிற கன்னையும் கேட்டு வாங்கி வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எல்லாப் பனியனையும் இழுத்துப் போட்டாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பிடித்து அடித்தாள். முதலில் தேதி வரி. அப்புறம் 'சிஸ்டர்'. வீடு முழுக்க மருந்து நாற்றம், எனக்குத் தலை சுற்றியது. நானும் உட்கார்ந்து துணியால் துடைத்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் சிலுவையும் உன் பெயரும் மட்டும் நின்றது. பெயரையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பேர எதுக்குல எடுக்கணும்?" என்றாள். "நான் வச்ச பேரு அது. அவ சிஸ்டரானா ஒரு பேரு, ஆவலைன்னா ஒரு பேரா?"

புதன்கிழமைக்குப் பிறகு அதுதான் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

இன்னொன்று. காலையில் வேலுமணி அண்ணனிடம் லீவு கேட்கப் போனேன், என்ன காரணம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அப்புறம், "அக்காவ பத்திரமா ஊட்டுக்குக் கூட்டிட்டு வா கண்ணு" என்றார். பெருமாள்சாமி உன் பெட்டியைத் தூக்க வரட்டுமா என்று கேட்டான். நான் தூக்குவேன் என்றேன். தோள் சரியாகிவிட்டது, நான் தட்டவும் கற்றுக்கொண்டேன், போன வாரம் மட்டும் பதினோரு தடவை. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. உன்னைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான் அக்கா. கேட் வரை நீ நடந்து வரும்போது நான் எப்படி நிற்கப் போகிறேன் என்று நீயே பார்.

அம்மா வரவில்லை என்று வருத்தப்படாதே. வா என்று கூப்பிட்டேன். "எனக்கு ஷிஃப்ட் இருக்கு, நீ போ" என்றாள். அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வீட்டுக்கு வந்ததும் நீ ஒன்றும் விளக்க வேண்டாம், சும்மா

அக்கா, அம்மா. டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நின்று தேடுகிறாள். செக்கிங் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்துவிட்டாள். "ஏல, பஸ்ஸு வந்து நிக்கி, அங்க உக்காந்து என்னத்த எழுதுத? ஏறிச் சீட்டப் புடி" என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். இரண்டு சீட் பிடிக்கணும். நான் போகணும்.